ஆட்டம் தெரியும், பெட் கட்டலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்து கால்பந்து ஆடுகிறேன். உலகக் கோப்பை சமயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்வது பெரும்பாலும் பலிக்கிறது. "ஆளுக்கு 500 ரூபாய் போட்டு ஆப்பில் பெட் கட்டலாம், நீ மேட்சைப் பார்த்துச் சொல்" என்கிறார்கள் நண்பர்கள். எப்படிக் கணிப்பது? கட்டலாமா?

பதில்: கணியுங்கள், கட்டாதீர்கள்.

நாடுகள் மோதும் தொடரில் அணியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அன்றைய மேட்சில் அந்த அணிக்கு என்ன தேவை என்று பாருங்கள். 2022-ல் கத்தார் உலகக் கோப்பையில் பிரேசில் முதல் இரண்டு மேட்சை ஜெயித்து அடுத்த சுற்றை உறுதி செய்துவிட்டது. மூன்றாவது மேட்சில் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு. கேமரூனின் அபூபக்கர் 92-வது நிமிடத்தில் தலையால் முட்டிப் போட்ட கோலில் தோற்றார்கள். இரண்டு நாள் முன்பு பிரான்ஸும் இதே மாதிரி துனிசியாவிடம் தோற்றிருந்தது. 48 அணிகள் ஆடும் புதிய முறையில் குரூப்பில் மூன்றாம் இடம் பிடிக்கும் அணிகளில் சிறந்த 8-ம் மேலே போகும் என்பதால், கடைசி குரூப் மேட்சில் டிரா போதும் என்று ஆடுகிற அணிகளும் இருக்கும். யார் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் (லைன்-அப்) வருவதே மேட்சுக்குக் கொஞ்ச நேரம் முன்புதான். அதற்கு முன்னால் சொல்வது பாதிக் கணிப்பு.

அப்புறம், ஸ்கோரை மட்டும் நம்பாதீர்கள். அதே கத்தாரில் சவூதிக்கு எதிராக அர்ஜென்டினா இடைவேளையில் 1-0 முன்னிலை. ஆனால் சவூதி டிஃபன்ஸ் கோட்டை நன்றாக மேலே ஏற்றி நிறுத்தியதில், அந்த ஒரு பாதியிலேயே அர்ஜென்டினா போட்ட மூன்று கோல்கள், அந்தக் கோட்டைத் தாண்டி நின்று பந்து வாங்கியதால், ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. திட்டம் வேலை செய்கிறது என்பது ஸ்கோரில் தெரியாது, ஆடிப் பழகிய உங்கள் கண்ணுக்குத் தெரியும். முடிவு 2-1, சவூதிக்கு.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் கட்டக் கூடாது? ஆட்ஸை, அதாவது ஜெயித்தால் கட்டிய ஒரு ரூபாய்க்கு எவ்வளவு திரும்ப வரும் என்பதை, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மேட்சில் ஒரு அணி ஜெயிக்க 1.80, டிரா 3.50, எதிரணி ஜெயிக்க 4.50 என்று ஆப் காட்டுகிறது என்று வைப்போம். 100-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்தால், ஆப் கணக்கில் அந்த முடிவுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று வரும்: 55.6, 28.6, 22.2. கூட்டினால் 106.4 வருகிறது. நூறுக்கு மேல் இருக்கும் அந்த 6.4-தான் ஆப்காரனின் லாபம். யார் ஜெயிப்பார்கள் என்று சரியாகச் சொல்வது மட்டும் போதாது, இந்த வித்தியாசத்தையும் மீறி, தொடர்ந்து சரியாகச் சொல்ல வேண்டும். நண்பர்களிடம் பெயர் வாங்குகிற கணிப்பு இதற்குப் பக்கத்தில் கூட வராது.

விதிமுறையிலும் அடி விழும். வெற்றி, டிரா, தோல்வி என்று கட்டும் வழக்கமான பெட்டுக்கு 90 நிமிடமும், வீணான நேரத்துக்காகக் கடைசியில் சேர்க்கும் இஞ்சுரி டைமும்தான் கணக்கு. 2022 இறுதிப் போட்டி அந்த நேரத்தில் 2-2. அதற்குப் பிறகு கூடுதல் நேரம், பெனால்ட்டி என்று போய்க் கோப்பையைத் தூக்கியது அர்ஜென்டினா, ஆனால் 'அர்ஜென்டினா வெற்றி' என்று அந்த வகையில் கட்டியவர்களின் பணம் போச்சு.

டெலிகிராமில் "ஷ்யூர் டிப்ஸ்" விற்பவர்களை நெருங்கவே விடாதீர்கள். பாதிப் பேருக்கு ஒரு அணி, மீதிப் பேருக்கு எதிரணி என்று அனுப்புவார்கள். பலித்த பாதிக்கு மட்டும் அடுத்த மேட்சுக்குக் கட்டணம் கேட்பார்கள்.

சட்டமும் தெளிவு. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைனில் சூதாடுபவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025-ல் வந்த மத்திய அரசுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் குற்றமாக்குகிறது. இந்த ஆப்கள் ஜெயித்த பணத்தைத் தராமல் இழுத்தடித்தால், பெட்டில் ஜெயித்த பணம் என்று கேட்டு வழக்குப் போடவும் முடியாது.

நண்பர்களில் யாராவது ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்திருந்தால், பரிவர்த்தனை எண்ணுடன் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் புகார் செய்யச் சொல்லுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடன் வாங்கிக் கட்டுகிறவர் இருந்தால் 14416, டெலி-மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.