ஐரோப்பாவில் பசித்தால்? – வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏற ஏற, காவிரிக் கரையிலிருந்து ஐரோப்பா கிளம்புகிறவர்களின் கடிதங்களும் ஏறுகின்றன. மகனைப் பார்க்க ஜெர்மனி போகிற அம்மா, குரூப் டூரில் சேர்ந்த ஓய்வுபெற்ற வாத்தியார், மேல்படிப்புக்குப் போகிற பிள்ளை என்று ஆட்கள் வேறு வேறாக இருந்தாலும் கேள்வி சாப்பாட்டைச் சுற்றியே நிற்கிறது. அதிலும் அங்கே எந்த ஊரில் இறங்கினாலும் கண்ணில் படுகிற அமெரிக்கக் கடைகளை நம்பலாமா என்றுதான் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கம் முழுக்க அதற்கே.

நானும் என் கணவரும் முட்டைகூடச் சேர்க்காத சைவம். ஜூனில் குரூப் டூரில் போகிறோம். ராத்திரி மட்டும் இந்தியச் சாப்பாடு உண்டாம். மதியத்துக்கு, "எங்கே போனாலும் மெக்டொனால்ட்ஸ் இருக்கும்மா, ஃபிரைஸ் வாங்கிக்கலாம்" என்கிறார் டூர் ஆபீஸ் தம்பி. நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

பாதி நம்பலாம். மீதியை நீங்கள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பெயர்ப்பலகை ஒன்றுதான், சமையலறை நாட்டுக்கு நாடு வேறு. 1996-இல் இந்தியாவுக்கு வந்தபோது மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல்தான் கடை திறந்தது. இங்கே சைவம் சமைக்கத் தனி இடம், தனிப் பாத்திரம். சென்னையில் பேரப்பிள்ளைகளோடு போய் ஆலு டிக்கி சாப்பிட்ட நினைப்பில் அங்கே போய் நிற்காதீர்கள், அந்த ஏற்பாடு அப்படியே அங்கே கிடையாது. பச்சைப் புள்ளியும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'சைவம்' என்றால் இன்னதுதான் என்று சட்டம் வரையறுக்கவில்லை. மஞ்சளும் பச்சையுமாக 'வி' எழுத்துப் போட்ட ஒரு முத்திரை சில பொருட்களில் இருக்கும், ஆனால் அது கட்டாயம் இல்லை.

ஃபிரைஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் ஃபிரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்கிறது. இதைச் சொல்லாமல் விற்றார்கள் என்று அங்கே சைவர்களும் இந்துக்களும் வழக்குப் போட்டு, 2002-இல் கம்பெனி 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதே ஃபிரைஸ் பிரிட்டனில் சைவம், அங்கே அதற்கென்று தனி எண்ணெய்ச் சட்டியும் உண்டு. ஆகவே "ஃபிரைஸ் சைவம்தானே" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு இணையதளத்தில் பொருள் பட்டியலைப் பாருங்கள். பேத்தியிடம் சொன்னால் கிளம்புவதற்கு முன்பே எடுத்துத் தந்துவிடுவாள்.

"அமெரிக்கக் கடை எதற்கு, அந்த ஊர்க் கடையில் நல்ல சிப்ஸ் வாங்கலாமே" என்று குரூப்பில் யாராவது சொல்வார்கள். கவனமாக இருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அங்கேதான் சிக்கல் அதிகம். பெல்ஜியத்தில் ஃபிரைஸ் கடைகளின் பழைய வழக்கமே மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான், இன்றும் பல கடைகளில் அப்படித்தான். இங்கிலாந்தின் வடக்கே மீன்-சிப்ஸ் கடைகளிலும் மாட்டுக் கொழுப்புச் சட்டி சாதாரணம். பிரான்ஸின் வெங்காய சூப் பெயருக்குத்தான் வெங்காயம், அடியில் இருப்பது பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. சின்னக் கடையில் எழுதி வைத்த பட்டியல் இருக்காது, பரிமாறுகிறவருக்கும் தெரிந்திருக்காது. பெரிய செயின் கடையில் குறைந்தபட்சம் அச்சடித்த பட்டியல் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். ருசிக்காக இல்லை, இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களை நான் அங்கே போகச் சொல்கிறேன்.

சைவ பர்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் மெக்டொனால்ட்ஸில் 2021-இல் மெக்பிளாண்ட் என்று தாவரப் புரத பர்கர் ஒன்று வந்தது, வேறு சில ஐரோப்பிய நாடுகளிலும் அந்தப் பெயரில் கிடைக்கிறது. ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரு நாட்டில் சாஸில் முட்டை இருக்கலாம், இன்னொன்றில் பால் சீஸ் இருக்கலாம். பர்கர் கிங் 2020-இல் பிரிட்டனில் ஒரு தாவர பர்கரை விளம்பரம் செய்தது, இறைச்சி வேகும் அதே அடுப்பில் வேக வைத்துவிட்டு, முட்டை மயோனைஸும் தடவி. விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அந்த விளம்பரத்தைத் தடை செய்தது. அதனால் கடையில் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஒரே அடுப்பா, ஒரே எண்ணெயா, சாஸில் முட்டை உண்டா? ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நீட்டினாலே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெதர்லாந்தில் மட்டும் கூடுதல் கவனம். அங்கே மெக்டொனால்ட்ஸில் மெக்குரோகெட் என்று ஒன்று விற்கிறது, மேலே பொன்னிறமாகப் பொரித்து, பார்க்க அச்சு அசலாக நம் கல்யாண வீட்டு வெஜிடபிள் கட்லெட். உள்ளே இருப்பது மாட்டிறைச்சி. பீட்ஸா, பாஸ்தா வாங்கினால் பார்மிஜானோ சீஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள், பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் இல்லாமல் அதைச் செய்வதில்லை. சப்வே என்ற சாண்ட்விச் கடையில் உங்கள் கண் முன்னாலேயே காய்கறி அடுக்கித் தருவார்கள், கையுறையை மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள். முட்டைகூடச் சேர்க்காத உங்களுக்கு எனக்குத் தெரிந்து அதுதான் நிம்மதி. அங்கேயும் ரொட்டியையும் சாஸையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிறைச்சியும் பன்றியும் தொடமாட்டேன். கோழி, மீன் சாப்பிடுவேன். எனக்குக் கவலை இல்லைதானே?
– வாசகர், மயிலாடுதுறை

கவலை கம்மி, அவ்வளவுதான். கோழி பர்கர் என்று வாங்கினாலும் உள்ளே பேக்கன் துண்டு ஒன்று படுத்திருக்கும், அது பன்றி. படத்தை உற்றுப் பாருங்கள். தொடுதிரையில் ஆர்டர் செய்தால் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு பர்கருக்குள்ளும் போய் வேண்டாததை எடுக்கவும் முடியும். கவுண்டரில் வாயால் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மீனுக்கு ஃபிலே-ஓ-ஃபிஷ் என்ற மெக்டொனால்ட்ஸ் மீன் பர்கர். அதன் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1962-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு கடைக்காரர், வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத கத்தோலிக்கர்கள் கடைப் பக்கமே வராததைப் பார்த்துத் தொடங்கியது அது. புரட்டாசி வந்தால் நம் ஊர் பிரியாணிக் கடைக்காரர்கள் படுகிற பாடுதான் அவரும் பட்டிருக்கிறார்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஐரோப்பாவில் ஒவ்வாமைப் பட்டியல் கட்டாயம். மொத்தம் 14 பொருள்கள். பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, எள், கடுகு எல்லாம் அதில் வரும். மாட்டிறைச்சியும் பன்றியும் வராது, ஏனென்றால் அந்தப் பட்டியல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததற்காகப் போட்டது, நம் வழக்கத்துக்காகப் போட்டது இல்லை. அந்தக் கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழுப் பொருள் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஹலால் கிடைக்குமா?
– வாசகர், நாகூர்

எல்லாக் கிளைக்கும் சேர்த்து ஒரு பதில் கிடையாது. பிரிட்டனில் கே.எஃப்.சி.யின் சில கிளைகள் மட்டும் ஹலால் சான்று பெற்றவை, அடுத்த தெருக் கிளை அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. சப்வேயும் 2014-இல் பிரிட்டன், அயர்லாந்தில் சுமார் 185 கிளைகளில் பன்றி இறைச்சியை எடுத்துவிட்டு ஹலாலுக்கு மாறியதாகச் சொன்னது. போகும் கிளையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், கடைக்குள் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிடைக்காத ஊரில் மீனும் காய்கறியும் பலருடைய வழி, எண்ணெய்ச் சட்டி தனியா என்பதை மட்டும் கேட்டுவிட வேண்டும். ஜெர்மனி என்றால் சுழற்றிச் சுட்ட இறைச்சியைச் சீவி ரொட்டியில் வைத்துத் தருகிற, துருக்கியர் நடத்தும் டோனர் கடைகள் நகரத்துக்கு நகரம் உண்டு, ஹலால் என்றால் வாசலிலேயே எழுதியிருப்பார்கள். விலையும் அமெரிக்கக் கடையைவிடப் பெரிதாக இருக்காது, வயிறும் நிறையும்.

இத்தாலிக்குப் படிக்கப் போகிறேன். "அங்கே போய் பர்கர் சாப்பிடுவதா, அசிங்கம்" என்று நண்பர்கள் இப்போதே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?
– வாசகர், மன்னார்குடி

உங்கள் நண்பர்களுக்கு முன்னாலேயே இத்தாலிக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். 1986-இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கார்லோ பெட்ரீனி தொடங்கிய 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் அந்தச் சூட்டில் பிறந்ததுதான். உள்ளூர் விதை, உள்ளூர் ருசி, சமைக்கத் தேவைப்படும் நேரம், இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்றது. மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் திரும்ப வயலுக்குக் கொண்டுவரப் பாடுபடுகிற நம் டெல்டா விவசாயிகளுக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பேச்சு இல்லை. டாமினோஸ்கூட 2015-இல் இத்தாலிக்குள் நுழைந்து 2022-இல் மூட்டை கட்டியது, பீட்ஸா பிறந்த ஊரில் அந்த பீட்ஸாவைக் கேட்க ஆளில்லை.

ஆனாலும் அசிங்கம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். இத்தாலியிலும் பிரான்ஸிலும் பல உணவகங்களில் மதியம் இரண்டரை மூன்று மணிக்கு அடுப்பை அணைத்தால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் மறுபடி ஏற்றுவார்கள். நான்கு மணிக்கு ரயிலை விட்டு இறங்குகிறவன் என்ன செய்வான்? ஜெர்மனியில் ஞாயிறு என்றால் சூப்பர் மார்க்கெட்டே மூடிக் கிடக்கும், ஸ்டேஷன் கடைகள் மட்டும்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெளிச்சமும் உட்கார இடமும் சூடான எதுவோ ஒன்றும் தருகிற கடையில் சாப்பிடுவதில் என்ன குற்றம்? பசியோடு நடந்து பெருமையைக் காப்பாற்ற வேண்டாம். நேரமும் காசும் இருக்கிற நாளில் மட்டும் அந்த ஊர்ச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். மாணவர் என்றால் பல்கலைக்கழகக் கேன்டீன் மலிவு, அதையும் விசாரியுங்கள்.

வீட்டிலிருந்து என்னென்ன கட்டிக்கொண்டு போகலாம்? எனக்கு பர்கரே இறங்காது.
– வாசகி, திருவையாறு

இறங்காதுதான், புரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. அதனால் நெய் பாட்டில், திரட்டுப்பால், பால்கோவா எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், பிடித்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மோர்மிளகாய் தயிரில் ஊறியது, அதையும் விட்டுவிடுவதே நல்லது. பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், செடி நோய்க்குப் பயந்து அதையும் தடுத்து வைத்திருக்கிறார்கள். பழங்களில் வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் தவிர மற்றவற்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், நெய் சேர்க்காத முறுக்கு தாராளமாகப் போகலாம். அரிசிக்குப் பதில் அவல் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் கெட்டிலில் அரிசி வேக வைக்கப் பார்த்து அபராதம் கட்டுவதைவிட, வெந்நீர் ஊற்றி அவலை ஊறவைத்துப் புளிக்காய்ச்சல் பிசைந்தால் பத்து நிமிஷத்தில் சாப்பாடு. தயிர் அங்கேயே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம், டப்பாவில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) என்று போட்டிருந்தால் வேறு எடுங்கள். டப்பாவைக் கொண்டுபோய் பர்கர் கடைக்குள் திறக்காதீர்கள், விடமாட்டார்கள். பூங்காவில் பெஞ்சு இருக்கிறது.

தண்ணீர், சாஸ், கழிப்பறை எல்லாவற்றுக்கும் காசு என்கிறார்களே?
– வாசகர், திருவாரூர்

பெரும்பாலும் உண்மை. ஜெர்மனி, நெதர்லாந்தில் கெச்சப்புக்குத் தனிக் காசு. குளிர்பானத்தைத் திரும்பத் திரும்ப இலவசமாக நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க வழக்கத்தை பிரான்ஸ் 2017-இல் சட்டம் போட்டே நிறுத்திவிட்டது. அதே பிரான்ஸில் உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், "கராஃப் தோ" என்று கேளுங்கள். ரோமில் தெருவோரக் குழாய்களில் குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டில் மட்டும் கையில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்தில் மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் பர்கர் ஒன்றே 7 பிராங்கை ஒட்டி வரும், அங்கே அவலை நம்புங்கள்.

கழிப்பறைக்கு ஜெர்மனி நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பலவற்றில் 1 யூரோ. பதிலுக்குத் தருகிற சீட்டை அங்கேயே கடையில் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். பெரிய நகரங்களில் பர்கர் கடைக் கழிப்பறைக் கதவுக்குப் பல இடங்களில் ரகசிய எண் உண்டு, அது ரசீதில்தான் அச்சாகியிருக்கும். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்வரை ரசீதைக் கசக்கி எறியாதீர்கள், கூட வந்த பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.