ரயில் பாதைக்குப் பணம் யார் தருகிறார்கள்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் போக்குவரத்துத் திட்டமிடலில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவள் என்பதால் பலரும் பல கேள்விகளை அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், வட்டாரம் மட்டும் போதும் என்று போட்டிருக்கிறேன்.

சுவா சூ காங்கிலிருந்து: அக்கா, காலையில் எம்ஆர்டி ரயிலில் கால் வைக்க இடமில்லை. இவ்வளவு பேர் ஏறினால் லாபம்தானே வர வேண்டும்? அப்புறம் ஏன் வருஷா வருஷம் கட்டணத்தை ஏற்றுகிறார்கள்?

கூட்டமான ரயில் என்றால் லாபம் என்று யாருக்கும் தோன்றும், கணக்கு அப்படி வருவதில்லை. அந்தக் கூட்டம் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் கொஞ்சம் கூடுதல் நேரம், அதுவும் ஒரு திசையில்தான். அதே ரயில் திரும்பி வரும்போது பாதிக்கு மேல் காலி, மதியம் காலி, இரவு பதினொரு மணிக்கும் ஓடியாக வேண்டும். ஆனால் எத்தனை ரயில் வாங்குவது, பணிமனை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது என்பதையெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரம்தான் முடிவு செய்கிறது. பேருந்தையும் ரயிலையும் ஓட்டுவதற்கு மட்டும் அரசாங்கம் ஆண்டுக்கு 2 பில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் மானியம் தருகிறது, பாதை கட்டும் செலவு இதில் சேராது.

கட்டணத்தைப் பொதுப் போக்குவரத்து மன்றம் ஒரு சூத்திரத்தை வைத்துப் பார்க்கிறது. விலைவாசி, சம்பளம், எரிசக்தி விலை எல்லாம் அதில் உண்டு. 2024இல் அந்தச் சூத்திரப்படி 18.9 விழுக்காடு ஏற்றலாம் என்று வந்தது, மன்றம் 6 விழுக்காடுதான் ஏற்றியது. மீதி மறைந்துபோகவில்லை, பிந்திய ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது, இடையில் விழும் பள்ளத்தை வரிப்பணம் நிரப்புகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவியைத் தனியாகக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கட்டணத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. பல வருஷம் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் ஏற்றினால் அடி வாங்குவது ஏழைகள்தான்.

செங்காங்கிலிருந்து: சரி, ஓட்டும் செலவு புரிகிறது. பாதை கட்டும் காசு எங்கிருந்து வருகிறது? கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய சிஓஇ சான்றிதழுக்கு வாங்கும் பணம் இதற்குத்தானே போகிறது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சிஓஇ, இஆர்பி எனும் சாலைக் கட்டணம், சாலை வரி எதுவும் ரயிலுக்கென்று தனி உண்டியலில் விழுவதில்லை. எல்லாம் அரசாங்கத்தின் பொது வருமானத்தில் சேர்ந்து, அங்கிருந்துதான் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ரயிலுக்கும் போகிறது. சிஓஇயின் உண்மையான உதவி வேறு இடத்தில் இருக்கிறது: 1990 முதல் கார் எண்ணிக்கைக்குக் கடிவாளம் போட்டதால்தான் பேருந்து சாலையில் நகர முடிகிறது, ரயிலில் ஆள் ஏறுகிறார்கள். காரை எளிதாக வாங்கிக்கொள்ளும்படி விட்டுவிட்டு எத்தனை பில்லியன் செலவழித்து ரயில் விட்டாலும் நடுத்தரக் குடும்பம் காருக்குத்தான் போகும்.

சுரங்கம், நிலையம் கட்டும் செலவை அரசாங்கமே ஏற்கிறது. 2018 வரவுசெலவுத் திட்டத்தில் ரயில் கட்டுமானத்துக்கென்று ஒரு நிதியில் 5 பில்லியன் வெள்ளி போட்டு வைத்தார்கள். அதுவும் போதாது என்று 2021இல் சட்டம் கொண்டுவந்து, குறைந்தது 50 ஆண்டு நிற்கக்கூடிய பெரிய கட்டுமானங்களுக்கு 90 பில்லியன் வெள்ளி வரை கடன் வாங்கலாம் என்று வைத்தார்கள். கடனா என்று சிலர் பயந்து எழுதியிருந்தீர்கள். வீட்டுக் கடன் மாதிரிதான் இதுவும்: வீட்டில் நாளைக்கு இருக்கப்போகிறவர்களும் தவணையில் பங்கு கட்டுகிறார்கள். இப்போது கட்டிவரும் குறுக்குத் தீவு ரயில் பாதையில் 2060இல் பயணம் செய்யப்போகும் பிள்ளைக்கு இன்றைய தொழிலாளியின் வரியிலிருந்து முழுச் செலவையும் எடுப்பது சரியில்லை.

ஹாங்காங்கில் வேறு வழி. அங்கே ரயில் நிறுவனத்துக்கு நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் கட்டும் உரிமையை, ரயில் வருவதற்கு முன்பிருந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். ரயில் வந்ததும் ஏறும் மதிப்பை வைத்துப் பாதையின் செலவை ஈடுகட்டுகிறார்கள். நம் ஊரில் நிலத்தை அரசாங்கமே விற்கிறது, அந்தப் பணம் நாட்டின் கையிருப்பில் போய்ச் சேர்கிறது, அதை நேராக எடுத்துச் செலவழிக்க முடியாது. கையிருப்பை முதலீடு செய்து வரும் வருமானத்தில் பாதி வரைதான் ஆண்டுச் செலவுக்கு வரும். ஆக, நிலையம் வந்ததால் ஏறிய நில மதிப்பு இங்கேயும் ரயிலுக்கு உதவத்தான் செய்கிறது, சுற்று வழியில்.

அப்புறம் யாரும் கேட்காத ஒன்று: பழுதானதை மாற்ற யார் காசு? முன்பு ரயிலும் சமிக்ஞைக் கருவியும் நடத்துநர் நிறுவனத்தின் சொத்து. எப்போது மாற்றுவது என்பதும் அவர்கள் கையில். 2016இல் நடத்துநர் நிறுவனமான எஸ்எம்ஆர்டியிடமிருந்து ஏறத்தாழ ஒரு பில்லியன் வெள்ளிக்கு அந்தச் சொத்துகளை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. இப்போது நடத்துநர் உரிமக் கட்டணம் கட்டுகிறார், அது பழைய சொத்துகளை மாற்றுவதற்கான நிதியில் சேர்கிறது. 2011 டிசம்பரில் வடக்கு-தெற்குப் பாதை நின்றுபோனதும், 2024 செப்டம்பரில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே பல நாள் ரயில் ஓடாததும் நினைவிருக்கும். புதுப் பாதை திறக்கும்போது எல்லாரும் படம் எடுக்கப் போகிறோம். இருபது வருஷம் கழித்துத் தண்டவாளம் மாற்றும் செலவு வரும்போதுதான் அந்தப் பாதையின் திட்டம் ஒழுங்காகப் போடப்பட்டதா என்று தெரியும்.

தோ பாயோவிலிருந்து ஒரு மூத்தவர்: அந்தக் காலத்தில் எம்ஆர்டியே வேண்டாம், பேருந்து போதும் என்று பெரிய தலைவர்களே சொன்னார்களாமே, உண்மையா அம்மா?

உண்மைதான் ஐயா. அப்போது துணைப் பிரதமராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீக்கு இதில் பெரிய சந்தேகம் இருந்தது. 1980இல் அழைத்து வந்த ஹார்வர்ட் குழுவும் பேருந்தே போதும் என்றுதான் சொன்னது. அன்றைய தொடர்பு அமைச்சர் ஓங் டெங் சியோங் ரயில் பக்கம் உறுதியாக நின்றார். 5 பில்லியன் வெள்ளி என்பது அன்றைக்குச் சின்னப் பணமா? 1982இல் முடிவெடுத்து 1987 நவம்பரில் உங்கள் தோ பாயோவிலிருந்து இயோ சூ காங் வரை ஐந்து நிலையங்களோடு ஓட்டிவிட்டார்கள். கேள்வி கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை வருஷம் வாதாடியதால்தான் எங்கே போட்டால் ஆள் ஏறுவார்கள் என்பதை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள்.

அப்பர் தாம்சனிலிருந்து: ரயில் வந்ததும் பழைய பேருந்தை ஏன் பிடுங்குகிறார்கள்? 167ஆம் எண் பேருந்தை நிறுத்தப் பார்த்தார்களே.

2023 நவம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்து, மக்கள் எதிர்த்ததும் அரைமணிக்கு ஒன்று என்று தொடர வைத்தார்கள். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை வந்த பிறகு அதில் ஆள் குறைந்தது உண்மை. 2016 முதல் பேருந்தை நடத்தும் நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி அரசாங்கம் பணம் தருகிறது, கட்டண வசூல் அரசாங்கத்துக்குப் போகிறது, எனவே காலியாக ஓடும் ஒவ்வொரு பேருந்தும் தெங்கா போன்ற புது வட்டாரத்துக்குக் கிடைக்காத பேருந்துதான். இருந்தாலும் முட்டி வலியுள்ள பாட்டிக்கு ரயில் மாறுவது என்றால் மின்படி, நீண்ட நடை, மறுபடி பேருந்து. வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும், அவருக்கு அப்படி இல்லை. தொடர வைத்தது சரி. முதலிலேயே நிறுத்தத்தில் நின்று பயணிகளிடம் கேட்டிருக்க வேண்டும்.

பொங்கோலிலிருந்து: நிலையம் கட்டி முடித்தும் திறக்காமல் வைப்பது வீண் இல்லையா?

இல்லை. சுரங்கம் தோண்டும்போதே நிலையத்தின் கூட்டைக் கட்டுவது மலிவு, ஓடும் பாதையில் பிறகு உடைத்துக் கட்டுவது பெருஞ்செலவு. வடக்கு-கிழக்குப் பாதை 2003இல் திறந்தபோது புவாங்கோக் நிலையம் மூடியே இருந்தது, 2005இல் யாரோ வீண் செலவைக் கிண்டல் செய்ய அட்டையில் வெள்ளை யானை செய்து நிறுத்தினார்கள், 2006இல் திறந்தார்கள். அதே பாதையின் உட்லீ நிலையம் 2011 வரை காத்திருந்தது. இன்று உட்லீயைச் சுற்றிப் பாருங்கள்.

புக்கிட் தீமாவிலிருந்து: குறுக்குத் தீவுப் பாதை காட்டுக்கு அடியில் போவதில் உங்களுக்குச் சம்மதமா?

சம்மதம். சுற்றிப் போனால் ஏறத்தாழ 2 பில்லியன் வெள்ளி கூடுதல், பயணம் 6 நிமிடம் நீளம், சில வீடுகளும் பாதிக்கும். நேர்ப்பாதை சுமார் 70 மீட்டர் ஆழத்தில், காட்டுக்குள் நிலையம் எதுவும் இல்லாமல். இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதால்தான் ஆய்வுத் துளை போடுவதிலும் அத்தனை கட்டுப்பாடு வந்தது. அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஜூரோங்கிலிருந்து: அக்கா, எனக்குச் சொந்த ஊர் தாம்பரம் பக்கம். இங்கே முடிவது சென்னையில் ஏன் முடியவில்லை? பணம்தான் காரணமா?

பணமும் ஒரு காரணம் தம்பி. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுக்கும் வரை பெரும் சுமை மாநிலத்தின் தலையில்தான் இருந்தது. ஆனால் பணம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் வளர்ந்தது தெற்கு ரயில்வேயின் கீழ், மெட்ரோ மத்திய மாநிலக் கூட்டு நிறுவனம், பேருந்து மாநகர்ப் போக்குவரத்துக் கழகம், சாலை இன்னும் வேறு துறைகள். எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் கும்டா என்ற அமைப்புக்கு 2010இலேயே சட்டம் வந்தும் அது வேலை செய்யத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வருஷக் கணக்கில் நின்றது. இங்கே சிங்கப்பூரில் 1966இன் நில எடுப்புச் சட்டம் அரசாங்கத்துக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தது. அதில் வீடு இழந்தவர்களின் வலியும் உண்டு, அதை மறைத்துவிட்டுச் சிங்கப்பூர்ப் பெருமை பேச எனக்கு மனமில்லை.

இன்னொன்று பரப்பு. சென்னைப் பெருநகரப் பகுதியை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரித்தார்கள், நம் தீவைப்போல எட்டு மடங்கு. அத்தனை தூரத்துக்கு மெட்ரோ போட யாராலும் முடியாது. பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் எல்லாம் வந்து, வீடெல்லாம் வந்து, சாலை திணறிய பிறகுதான் சிறுசேரி வரை மெட்ரோவுக்குத் தூண் நடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பேருந்து. இங்கே 5,000க்கு மேல் பொதுப் பேருந்துகள் ஓடுகின்றன, நம்மைவிட மக்கள்தொகை அதிகமான சென்னையில் 3,000 சொச்சம். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றது மிக நல்ல முடிவு, வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்களின் கையில் மாதம் கொஞ்சம் காசு நிற்கிறது. அந்தப் பெண் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நிற்காமல் இருக்கப் பேருந்து எண்ணிக்கையையும் ஏற்ற வேண்டும், தனித் தடமும் வேண்டும்.

தெங்காவிலிருந்து: எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு பேருந்து வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது?

நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். 2024இல் அறிவித்த பேருந்துத் திட்டத்துக்கு எட்டு ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கியிருக்கிறார்கள், புது வட்டாரங்களை இணைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. "பேருந்து போதவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த புளோக்கிலிருந்து எந்த இடத்துக்கு, காலை எத்தனை மணிக்கு, எத்தனை குடும்பங்கள், எத்தனை பேருந்தில் ஏற முடியாமல் விட்டீர்கள் என்று ஒரு வாரம் குறித்து எழுதுங்கள். வேலைநேரம் முறைமாறி வருபவர்கள், தாதியர், துப்புரவுத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் கிளம்பும் நேரத்தைத் தனியாகச் சேருங்கள், அதிகாலைத் தேவை வழக்கமான பயணக் கணக்கில் தெரியவே தெரியாது.