‘ஒண்ணுமில்ல தாத்தா’

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் என் தாத்தாவுக்கு எண்பது வயது நிறைகிறது. எங்களை வளர்த்து ஆளாக்கியவர். பேரப்பிள்ளைகள் சேர்ந்து விழா எடுக்கிறோம், அவரைப் பற்றி ஒரு காணொளியும் தயாராகிறது. பரிசாக எதைக் கொடுத்தால் அவர் மனம் நிறையும்? அவருக்குக் காது மந்தம். வாங்கிக் கொடுத்த மெஷினைப் போட மாட்டேன் என்று அடம். அதனால் பேச்சுக் கொடுத்து அவரைத் தொந்தரவு செய்வதில்லை. நாங்கள் பேசுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்.

மா.

அன்புள்ள மா.,

பரிசு உங்கள் விருப்பம். என்னை எழுத வைத்தவை உங்கள் கடைசி வரிகள்தான். ‘தொந்தரவு செய்வதில்லை’ என்று எவ்வளவு மென்மையாகச் சொல்லிவிட்டீர்கள்! வீடு நிறைய ஆட்கள் இருக்க ஒரு மனிதரைத் தனியாக உட்கார வைத்திருப்பதற்கு அதுவா பெயர்? அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள். பேச்சு பிடிபடாதவர்கள், மற்றவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரித்து வைப்பார்கள். ‘என்ன?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல தாத்தா’ என்றுதான் பதில் வரும் என்று தெரிந்துபோனால், கேட்பதையே விட்டுவிடுவார்கள்.

முதுமையில் வரும் செவிக்குறைவு எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உட்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய முடிச் செல்களில், உயர்ந்த ஸ்தாயிக்கு உரியவை முதலில் அழிகின்றன. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் பலமானவை, தாழ்ந்த ஸ்தாயியில் வருபவை. க, ச, த, ப போன்ற வல்லினம் சட்டென்று வந்து மறையும் மெலிந்த ஒலி. கடை, சடை, தடை, படை நான்கும் அவர் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். நீங்கள் பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை. ‘வேண்டியது மட்டும் நல்லா கேட்கும்’ என்று கேலி செய்வது அநியாயம். எதிரே உட்கார்ந்து மகன் கனத்த குரலில் சொன்னது புரியும், அடுத்த அறையிலிருந்து பேத்தி கீச்சுக்குரலில் சொன்னது புரியாது. அவ்வளவுதான்.

கத்தினாலும் பயனில்லை. கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது, வல்லினம் அதில் அமுங்கிப்போகிறது. இந்தக் காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, பெரிய ஒலி தாங்காது. ‘சத்தமா சொல்லு’ என்றவரே அடுத்த நொடி ‘ஏன் கத்துற?’ என்பது முரண்டு அல்ல. இரண்டும் உண்மை.

டிவியை அணையுங்கள், ஒலியைக் குறைத்தால் போதாது. ஒரு மீட்டர் தூரத்தில், அவர் கண்மட்டத்தில், எதிரே உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டி உதடு தெரியாது, இடம் மாறுங்கள். கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு, எதைப் பற்றிப் பேச்சு என்று முதலில் சொல்லுங்கள்: ‘தாத்தா, வீட்டு வாடகை விஷயம்.’ விஷயம் தெரிந்தால் பாதிச் சொற்களை அவரே ஊகித்துக்கொள்வார். வழக்கமான குரல், சற்று நிதானம், வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி போதும். எழுத்தெழுத்தாக இழுத்தால் உதட்டசைவு கோணிவிடும். புரியவில்லையா, அதே வாக்கியத்தை மூன்று தடவை சொல்லாமல் வேறு சொல் போட்டுச் சொல்லுங்கள். மருந்தளவு, தேதி, பெயர் என்றால் எழுதிக் காட்டுங்கள்.

மெஷின் விஷயத்தில் அடம் அவருடையதா, அவசரம் உங்களுடையதா? ஆண்டுக்கணக்கில் அமைதிக்குப் பழகிய மூளைக்கு, மெஷின் போட்டதும் நாளிதழ் புரட்டுவதுகூட இரைச்சல். பழக வாரக்கணக்கில் ஆகும். முதலில் அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு பேசும் ஒன்றிரண்டு மணி நேரம் போதும், பிறகு கூட்டுங்கள். சிவப்புக் குறி வலக்காது, நீலம் இடக்காது. விசில் அடித்தால் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி. ஒலியே வராவிட்டால் முதலில் பேட்டரியையும் அடைப்பையும் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பட்டன் பேட்டரி என்றால், உரித்ததும் சில நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். மறுபடி ஸ்டிக்கரை ஒட்டிப் பாதுகாக்க முடியாது. அதன் பிறகும் அவர் சங்கடப்பட்டால் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) கூட்டிப்போய் அளவைத் திருத்துங்கள். குறும்பியை டாக்டர் எடுக்கட்டும். பஞ்சுக் குச்சி அதை உள்ளேதான் தள்ளும். ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால் அது முதுமையில்லை, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியது.

இதை மரியாதைப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020-இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கான, நாம் மாற்றக்கூடிய 12 ஆபத்துக் காரணிகளில் செவிக்குறைவும் ஒன்று.

விழாவில் அவரை நடுவில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். சுவரை ஒட்டி, வெளிச்சமான மூலையில் இரண்டு நாற்காலி போடுங்கள். ஒருவர் மாற்றி ஒருவராகப் போய்ப் பத்து நிமிடம் பேசட்டும். காணொளியில் பேசுகிறவர் முகம் நேராகத் தெரியட்டும், கீழே பெரிய எழுத்தில் வசனம் ஓடட்டும். பின்னணி இசை சேர்த்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.