போக்கிமான் ரசிகர் கதைகளில் நீங்கள் உண்மை என்று நம்பி ஏமாந்தது எது?

லாரிக்கு அடியில் மியூ. 63 டாசோ போச்சு. (தெரியாதவர்களுக்கு: போக்கிமான் என்பது விசித்திர உயிரினங்களைப் பிடித்துச் சண்டைக்கு விடும் கார்ட்டூனும் வீடியோ கேமும். மியூ அதில் எளிதில் சிக்காத ஒன்று. டாசோ, சிப்ஸ் பாக்கெட்டில் இலவசமாக வந்த படம் போட்ட வட்டு.)

கேள்வி கேட்டவரை யாரோ "இந்த வயசில் கார்ட்டூனா" என்று கேலி செய்திருப்பார்கள் போல. இல்லாவிட்டால் "ஏமாந்தது" என்ற சொல் வந்திருக்காது. கவலைப்படாதீர்கள், உங்களைவிடப் பெரிய ஏமாளி கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒருவன் இருக்கிறான்.

கார்ட்டூன் நாயகன் ஆஷ் கோமாவில் கிடந்து காணும் கனவுதான் மொத்தக் கதையும் என்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. டிட்டோ என்ற போக்கிமான்களெல்லாம் மியூவைக் குளோன் செய்யப் போய்த் தோற்ற மிச்சம் என்பதை இன்றும் பாதி நம்புகிறேன். இரண்டுக்கும் எடை 4 கிலோ, இரண்டுக்கும் எதிரியைப் போலவே உருமாறும் டிரான்ஸ்ஃபார்ம் தெரியும். சரி, அதை விடுங்கள்.

2004, ஏழாம் வகுப்பு முடிந்த மே விடுமுறை. டியூஷனில் ஓர் அண்ணன், பத்தாம் வகுப்பு. என்னிடம் சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாசோக்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்தன. அப்பா ரப்பர் ஷீட் விற்று வரும் நாளில் கையில் கிடைக்கும் சில்லறையெல்லாம் அதற்குத்தான் போகும். அம்மா பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் "சவத்தத் தூர வீசுல மக்கா" என்பார். அந்த அண்ணன் ஒரு ரகசியம் சொல்கிறேன், பாட்டிலைத் தா என்றார். கொடுத்தேன்.

ரகசியம் இது: போக்கிமான் ரெட் என்ற கேம்பாய் விளையாட்டில் வெர்மிலியன் என்ற ஊரின் துறைமுகத்தில் எஸ்.எஸ். ஆன் என்ற கப்பல் நிற்கும். அதன் பக்கத்தில் ஒரு லாரி. பாறைகளைத் தள்ள உதவும் 'ஸ்ட்ரெங்த்' வித்தையைப் போட்டு அதைத் தள்ளினால் அடியில் மியூ.

விளையாடியவர்களுக்குச் சிக்கல் புரியும். கப்பல் கேப்டனின் முதுகைத் தடவிவிட்டு, செடி வெட்டும் வித்தையான 'கட்' வாங்கிக்கொண்டு இறங்கினால் கப்பல் கிளம்பிவிடும், அப்புறம் அந்தப் பக்கமே போக முடியாது. லாரியோ தண்ணீருக்கு அந்தப் பக்கம், நீந்திப் போக 'சர்ஃப்' வேண்டும். அது கிடைப்பது வெகு தூரத்தில் உள்ள சஃபாரி ஸோனில். ஆகவே முதலிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கி, கப்பலில் ஒரு மாலுமியை மட்டும் ஜெயிக்காமல் விட்டுவைத்து, கட் வாங்கியபின் அவனிடம் வேண்டுமென்றே தோற்க வேண்டும். எல்லாப் போக்கிமானும் மயங்கினால் ஆட்டமே நம்மை வெளியே கொண்டுபோய் விட்டுவிடும், கப்பல் நிற்கும். சஃபாரி வார்டனின் தொலைந்துபோன தங்கப் பல்லைத் தேடிக் கொடுத்து ஸ்ட்ரெங்தும் வாங்கினேன். எல்லாம் கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி. எமுலேட்டரில் (கேம்பாய் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) ஆடுவது திருட்டில்லையா என்று கருத்து எழுத வருபவர்களுக்கு: அன்று எங்கள் ஊரில் கேம்பாய் என்ற கையடக்கக் கருவியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

திரும்பி வந்தேன், நீந்தினேன், லாரி இருந்தது. உண்மையிலேயே இருந்தது! தள்ளினேன். அசையவில்லை. மேலிருந்து, கீழிருந்து, பக்கத்திலிருந்து தள்ளினேன். கரண்ட் போனதுதான் மிச்சம்.

அண்ணனிடம் போனால், "150-ஐயும் பிடிச்சியா? பிடிச்சாத்தாம்ல அசையும்" என்றார். ரெட்டில் மட்டும் ஆடி 150 போக்கிமான்களையும் பிடிக்கவே முடியாது. எகான்ஸ் என்ற போக்கிமான் ரெட்டில் வரும், சேண்ட்ஷ்ரூ என்பதற்கு ரெட்டின் ஜோடி விளையாட்டான ப்ளூ வேண்டும். இது எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

இந்தக் கதையைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒருமுறை சொன்னேன். "லாரியப் பைய தள்ளணும்" என்றதும் கதையை விட்டுவிட்டு "நீ மலையாளியா?" என்று ஆரம்பித்தார்கள். நாலு வருடமும் அதே கேள்வி. எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்காக 1954-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் என்ன மலையாளத்துக்காகவா செத்தார்கள்? 'பைய' என்றால் மெதுவாக, சுத்தமான தமிழ்ச் சொல், அகராதியைப் பாருங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஆத்திரம் எங்கே தெரியுமா? மியூ அந்த விளையாட்டுக்குள் நிஜமாகவே இருந்தது. பிழை பார்க்கும் நிரல்களை எடுத்தபின் மிச்சமான சுமார் 300 பைட் இடத்தில் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷிகேகி மோரிமோட்டோ கடைசி நேரத்தில் அதை நுழைத்துவிட்டார். பிற்பாடு ரசிகர்கள் அதைப் பிடிக்கும் வழியையும் கண்டுபிடித்தார்கள். விளையாட்டில் வரும் ஒரு சூதாடி நம்மைப் பார்க்கும் அதே நொடியில் நாம் அங்கிருந்து மாயமாகிவிட வேண்டும், பிறகு ஸ்லோபோக் என்ற போக்கிமானை வைத்திருக்கும் ஒரு பையனோடு சண்டை போட வேண்டும், திரும்பி நடந்தால் மியூ வரும். லாரி கதை இதைவிட எவ்வளவோ நம்பும்படி இருக்கிறது, இல்லையா? அதனால் என்னை முட்டாள் என்பவர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்லவும். 2004-இல் ரெட்டின் மறுபதிப்பாக வந்த ஃபயர்ரெட்டில் அந்த லாரிப் பக்கம் லாவா குக்கி என்ற தின்பண்டம் ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஆறுதல் பரிசு போல.

அண்ணன் இப்போது சவுதியில். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது குருசடிப் பக்கம் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, என் 63 டாசோ?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "நீ அந்த 150-ஐயும் பிடிச்சியா, இல்லியால?" என்றார்.