முகத்தை மங்கலாக்கினால் போதுமா?

கேள்வி: கொழும்பு வீடுகளில் வேலைக்கு விடப்பட்ட மலையகப் பிள்ளைகளைப் பற்றிப் புலனாய்வு ஆவணப்படம் எடுக்கப் போகிறேன். பிள்ளையின் முகத்தை மங்கலாக்கினால் பாதுகாப்பா?

இல்லை. வேலைக்கு வைத்திருக்கும் வீட்டாருக்கும் கூட்டிவந்த தரகருக்கும் அடையாளம் காண முகமே தேவையில்லை. குரல், சட்டைத் துணி, ஜன்னல் கம்பி, ஏதாவது ஒன்று போதும். ஜன்னலில் தாமரைக் கோபுரம் தெரிந்தால், அது நிற்கிற கோணத்தை வைத்தே தெருவைப் பிடித்துவிடலாம். வெள்ளவத்தையில் பேட்டி எடுத்தால் கரையோர ரயிலின் சத்தம் பின்னால் கேட்கும்.

அதனால் மறைக்கிற வேலையைப் படத்தொகுப்புக்குத் தள்ளிப்போடாதீர்கள். வேலை செய்யும் வீட்டுக்குள் பேட்டி வேண்டவே வேண்டாம். பின்பக்கமிருந்தோ கைகளை மட்டுமோ எடுங்கள். கையில் சூட்டுத் தழும்பு இருந்தால் கையும் கூடாது. நிழலுருவமாக எடுப்பவர்கள் வழக்கமாக ஒரு பிழை விடுகிறார்கள்: கமரா 10 பிட் லாக்கில் (இருட்டிலுள்ள விவரத்தையும் சேர்த்துப் பதியும் முறை) ஓடினால், கறுப்பாகத் தெரிகிற முகம் கோப்புக்குள் அப்படியே இருக்கும். கமராவின் மெமரி கார்ட் தவறிப்போனால், வெளிச்சத்தைக் கூட்டி யாரும் பார்த்துவிடலாம். ஆகவே முகத்தில் ஒளியே படாமல் அமர்த்துங்கள். போனில் எடுத்தால் இடக்குறிப்பை முதலிலேயே நிறுத்துங்கள்.

குரலைத் தடிப்பாக்குவதோ மெல்லியதாக்குவதோ பாதுகாப்பல்ல, அதைத் திருப்பி மாற்ற முடியும். பிள்ளை சொன்னதை எழுதி, வளர்ந்த ஒருவரைக் கொண்டு மலையகப் பேச்சிலேயே பேச வைத்து, அது மறுகுரல் என்று திரையில் போடுங்கள். எங்காவது மங்கலாக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு சட்டகமாகப் பாருங்கள். நொடிக்கு 25 சட்டகம், 40 நொடிக் காட்சியில் 1000. பிள்ளை திடீரெனத் தலையைத் திருப்பும் இடத்தில்தான் மங்கல் வழுக்கிப் போகும். ஒரு சட்டகத்தை நிறுத்திப் படம் பிடிக்க ஒரு ஆள் போதும்.

இவ்வளவு பாடுபட்டுப் பிள்ளையைத்தான் காட்டவேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து கொழும்புவரை யார் கூட்டிவந்தார், யார் முற்பணம் கொடுத்தார், சம்பளம் யார் கைக்குப் போகிறது என்ற சங்கிலிதான் படம். வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. தரகர் வயதைக் கூட்டித்தான் சொல்வார். பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைச் சேர்விடாப்பையும் (சேர்க்கைப் பதிவேடு) ஒப்பிடுங்கள், திரையில் காட்டாதீர்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழில் திணைக்களத்திடம் கொழும்பு மாவட்ட முறைப்பாடுகள், சோதனைகள், வழக்குகள் எத்தனை என்று ஆண்டுவாரியாகக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். பெயர் கேட்டால் தனியுரிமை என்று மறுப்பார்கள், எண்ணிக்கை கேளுங்கள்.

சம்மதத்தைத் தாயிடம் மட்டும் வாங்காதீர்கள். முற்பணம் வாங்கிய தாய் எதற்கும் தலையாட்டுவார், பாவம். பிள்ளையிடமும் கேளுங்கள், சில நாள் விட்டு மறுபடி கேளுங்கள். பத்திரம் தமிழில் இருக்கட்டும், வாசித்தும் காட்டுங்கள். காசு கொடுக்காதீர்கள்.

அடி, பட்டினி, பாலியல் தொல்லை என்று எது தெரியவந்தாலும் கமராவை நிறுத்தி உடனே 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். படம் முடியட்டும் என்று காத்திருப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஆனால் நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடாதீர்கள், கடத்தல் வழக்கு உங்கள் மேல் திரும்பும். யார் அழைப்பது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிவையுங்கள்.

கடைசி வெட்டு முடிந்ததும் பிள்ளையை நன்றாகத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவருக்குப் போட்டுக்காட்டி, இது யார் என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால், எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டு அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள்.