'ம' இல்லாத மொழி: குவில்லியூட் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: குவில்லியூட் பழங்குடி மக்கள் எங்கே இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கரையோரம் லா புஷ் என்ற சிற்றூரில். குவில்லியூட் ஆறு கடலில் கலக்கும் இடம். பிரெஞ்சில் 'வாய்' என்று பொருள்படும் சொல்தான் வணிகர்கள் பேச்சில் புரண்டு லா புஷ் என்ற பெயரானது. மரத்தைக் குடைந்த படகில் போய் சீலும் திமிங்கிலமும் வேட்டையாடியவர்கள். நாய்மயிரில் போர்வை நெய்தவர்கள்.

கேள்வி: அவர்கள் மொழியில் ம, ன கிடையாதாமே?

உண்மைதான். ஆறு மெல்லினம் வைத்திருக்கும் நமக்கு நம்பக் கஷ்டம். ஜலதோஷம் பிடித்தவர் 'மாமா' என்றால் 'பாபா' மாதிரிக் கேட்கும் அல்லவா? ஒரு காலத்தில் 'ம' ஆக இருந்த ஒலி அங்கே அப்படித்தான் மாறிப்போனது. எப்படித் தெரியும் என்றால், அதன் ஒரே உறவுமொழியான 'சிமாக்கும்' என்ற மொழி அந்த ஒலிகளை விடாமல் வைத்திருந்தது. அந்த மொழி இருபதாம் நூற்றாண்டில் மறைந்துவிட்டது. உறவே இல்லாத பக்கத்து மக்கா மொழியிலும் இந்த ஒலிகள் இல்லை. ஆக, இது அக்கம்பக்கத்தில் தொற்றிய பழக்கம். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கேள்வி: ஓநாயிலிருந்து வந்தவர்கள் என்பது 'ட்வைலைட்' சினிமாக் கதையா?

இல்லை. குவாட்டி என்பவர் ஓநாய்களை மனிதர்களாக மாற்றினார் என்பது அவர்களுடைய சொந்தத் தொன்மக்கதை. சினிமாவில் வரும் ரத்தக்காட்டேரிகளுக்கு அதில் இடமே கிடையாது.

கேள்வி: இப்போது எத்தனை பேர் பேசுகிறார்கள்?

தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசிப் பெரியவர்கள் இருபதாம் நூற்றாண்டோடு போய்விட்டார்கள். அதற்கு வெகுமுன்பே பெரிய இழப்பு ஒன்று நடந்தது. 1889இல் ஊர்க்காரர்கள் ஹாப்ஸ் (பீரில் சேர்க்கும் பூ) பறிக்கும் கூலி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நிலம் தனது என்று சொன்ன ஒரு குடியேறி 26 வீடுகளைக் கொளுத்திவிட்டார். முகமூடிகள், கூடைகள், வேட்டைக் கருவிகள், எல்லாம் சாம்பல். திரும்பி வந்தவர்கள் பார்த்தது வெறும் கரியைத்தான். நினைத்தாலே மனசு பதறுகிறது.

கேள்வி: அப்படியானால் மொழி முடிந்துவிட்டதா?

முடியவில்லை. 1976இல் அகராதி வந்தது. 2007இல் பழங்குடி மன்றம் ஒரு திட்டம் தொடங்கியது: வணக்கம், எண்கள், சின்னச் சின்ன வாக்கியங்கள், இவற்றையாவது தினமும் பேசுவோம் என்று. முழு இலக்கணத்துக்குக் காத்திராமல் வாயில் வருவதிலிருந்து தொடங்கியது சரியான முடிவு என்பேன்.

கேள்வி: ஊரே இடம் மாறுகிறதாமே?

ஆமாம், சுனாமி பயம். 1700இல் அந்தக் கரையில் பெரும் நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2012இல் ஒரு சட்டம் தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கரை அவர்களுக்குக் கொடுத்தது. முதலில் மேட்டுக்குப் போனது பள்ளிக்கூடம். பிள்ளைகள் குவில்லியூட் சொற்களைப் படிப்பதும் அங்கேதான்.