மலைமேல் விளையும் மால்பெக்: கேள்வி பதில்

கேள்வி: அர்ஜென்டினாவின் கொலொமே மால்பெக் ஒயின் ஏன் இவ்வளவு கருஞ்சிவப்பாக இருக்கிறது? உயிராற்றல் வேளாண்மைதான் காரணமா?

பதில்: காரணம் மலை. மால்பெக் என்பது சிவப்பு ஒயினுக்கான ஒரு திராட்சை இனம்; உயிராற்றல் வேளாண்மை (பயோடைனமிக்) என்பது ரசாயனத்தைத் தவிர்ப்பதோடு தனக்கென்று சில உரத் தயாரிப்புகளையும் நிலவு நாட்காட்டியையும் பின்பற்றும் ஓர் இயற்கை வேளாண் முறை. கொலொமே தோட்டம் சால்ட்டா மாகாணத்தின் கல்ச்சாக்கி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதே பண்ணையின் அல்தூரா மாக்ஸிமா தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும் என்பதால், அதைத் தாங்குவதற்காகத் திராட்சை தன் தோலில் நிறமிகளை மிகுதியாகச் சேர்த்துக்கொள்கிறது. இரவுக் குளிரில் பழத்தின் சுவாசம் மந்தமாகி, மாலிக் அமிலம் அதிகம் செலவாகாமல் தங்குகிறது. ஆகவே நன்கு பழுத்த பின்னும் ஒயினில் புளிப்பு தெளிவாக நிற்கிறது. மலையின் கொடையை வேளாண் முறையின் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் அந்த முறையால் பயனே இல்லையா?

பதில்: இருக்கிறது. 1924இல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்த இம்முறையை, 1831இல் தொடங்கப்பட்ட கொலொமேயை 2001இல் வாங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் டொனால்ட் ஹெஸ் அங்கே கொண்டுவந்தார். மட்கிய உரம், ரசாயனம் தவிர்த்தல், தோட்டத்தை நாள்தோறும் கவனித்தல் ஆகிய மூன்றையும் நான் மனமார மதிக்கிறேன்.

கேள்வி: கொம்பு சாண உரத்தை விட்டுவிட்டீர்களே! நான் பயன்படுத்துகிறேன், என் மண் உயிர்பெற்றதைக் கண்ணால் பார்த்தேன்.

பதில்: நம் இயற்கை உழவர்கள் பலரும் அறிந்த உரம்தான் அது: பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுதும் புதைத்து வைத்து, பின் எடுத்து நீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பது. உங்கள் மண் மாறியதை நான் மறுக்கவில்லை. எதனால் மாறியது என்பதே கேள்வி. ரசாயன வயலோடு ஒப்பிட்டால், மண்ணின் நலத்தில் இயற்கை முறைகள் பெரும்பாலும் வெல்லும். கலிபோர்னியாவின் மெர்லோ திராட்சைத் தோட்டம் ஒன்றில் சாதாரண இயற்கை முறையையும் உயிராற்றல் முறையையும் அருகருகே வைத்துப் பல ஆண்டுகள் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணின் தரத்தில் வேறுபாடு தென்படவில்லை; பழத்தில் மட்டும் ஓர் ஆண்டில் சிறு வேறுபாடு இருந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கொலொமே இருப்பது மழை மிகக் குறைந்த வறண்ட பகுதி. பூஞ்சை நோய்க்கு அங்கே இடமே குறைவு. பிரான்சில் ஈரம் மிகுந்த போர்தோ வட்டாரத்தில் இதே முறையைத் தொடங்கிய பொன்தே கானே பண்ணை, 2007இல் பூஞ்சை தாக்கியபோது ரசாயனம் தெளிக்க நேர்ந்தது; பிறகு மீண்டும் முயன்று 2010இல் உயிராற்றல் முறைக்கான சான்று பெற்றது. மலை உதவுமிடத்தில் எளிதாக இருப்பது, உதவாத இடத்தில் பெரும் உழைப்பைக் கேட்கிறது. நான் கூடுதலாக வணங்குவது அந்த உழைப்பை.

கேள்வி: நிலவு நாட்காட்டிப்படி 'கனி நாளில்' குடித்தால் சுவை கூடுமாமே?

பதில்: சுவை கூடுவதில்லை. அந்த நாட்காட்டி நிலவின் நிலையை வைத்து நாட்களைக் கனி நாள், வேர் நாள் என்றெல்லாம் பிரிக்கிறது; கனி நாளில் ஒயின் சுவைக்கும், வேர் நாளில் சுவைக்காது என்பது நம்பிக்கை. நியூசிலாந்தில் ஒயின் வல்லுநர்களைக் கொண்டு பினோ நுவார் என்ற திராட்சை இனத்தின் ஒயின்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், கனி நாளுக்கும் வேர் நாளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

கேள்வி: உயிராற்றல் முறையில் விளைந்ததால்தானே விலை அதிகம், நிறமும் அதிகம்?

பதில்: நிறத்திற்கு முதல் பதிலைப் படியுங்கள். நிறத்தைத் தருவது உயரம்; ஆகவே புட்டியில் 'மலைத்தோட்டம்' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

கேள்வி: உடலுக்கு நல்லதா?

பதில்: எந்த முறையில் விளைந்தாலும் மது மதுதான். இதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கம்பம் பன்னீர்த் திராட்சையில் இதே ஒயின் வருமா?

பதில்: வராது. அது மஸ்கட் ஹாம்பர்க் இனம். உயரமும் மிகக் குறைவு.

கேள்வி: மால்பெக் அங்கே எப்படி வந்தது?

பதில்: நல்ல கேள்வி. அதன் தாயகம் பிரான்சின் கஹோர் வட்டாரம். 1854இல் இசாஸ்மென்டி குடும்பம் பிரெஞ்சுக் கொடிகளைக் கொலொமேக்குக் கொண்டுவந்தது. ஃபிலாக்ஸரா பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழிப்பதற்கு முன்பே அவை கடல் கடந்துவிட்டன.